ஆட்சேபணையின் கடைசி நாள்

ஏரியைத் தரிசு நிலமாக அறிவிக்கும் வரைவு ஆணைக்கு ஆட்சேபணை சொல்ல, கடைசி நாளில் ஒருத்திதான் வந்தாள். ஏரியில் வலை வீசிப் பிழைக்கும் முத்துப்பேச்சி.

"எழுதிக் கொண்டாந்திருக்கியாம்மா?" என்றார் வட்டாட்சியர் அருளானந்தம்.

"எழுதத் தெரியாதுய்யா. ஒரு தடவ தோணியில வாங்க."

ஏனென்று தெரியாமலே, ஆணைத் தாளோடு அவர் போய் ஏறினார். மூடுபனியில் கரை மறைந்தது. நடு ஏரியில் துடுப்பை நிறுத்தி, "அந்தத் தாள இங்க வச்சு வாசிங்கய்யா," என்றாள்.

"மேற்படி இடத்தில் பல ஆண்டுகளாக நீர் இல்லை..." வாசித்தபடியே அவர் ஒரு கையைத் தண்ணீருக்குள் விட்டார். விரல்களை உரசிக்கொண்டு மீன்கள் போயின. வாசிப்பதை விட்டுவிட்டு அவர் தண்ணீர்ப் பக்கம் குனிந்தார்.

வெகுநேரம் கழித்து அவள் கேட்டாள்: "கரைக்குப் போவமாய்யா?"

"கொஞ்சம் இரும்மா," என்றார். தாள் எப்போதோ கையிலிருந்து தண்ணீருக்குள் நழுவியிருந்தது.