ஓரத்தில் ஊசித்தடம்

புதுச் சேலையின் ஓரத்தை மடியில் இழுத்துப் போட்டு, ஊசியால் பொட்டுப் பொட்டாகக் குத்திக்கொண்டிருந்தாள் மதலேனாள். கைத்தறிச் சேலைகளைச் சோதிக்க வந்த அதிகாரியின் ஜீப் மூன்று வீடு தள்ளி நின்றிருந்தது.

"நல்ல சேலைய எதுக்கு அத்தை குத்துறீக?" என்றாள் மருமகள் ஜெசி.

"திராட்ச பறிச்ச கைக்கு இது எங்கிட்டுத் தெரியும்? தறியில துணி சுருங்காம ஒரு கம்பு போடுவாக. அதோட முனை ஊசி குத்துன தடம் ஓரத்துல இருந்தாத்தான் கைத்தறி. இந்தத் தடவையும் இல்லன்னா நெசவாளர் சங்கத்துல என் பேரை அடிச்சிருவாக."

ஜெசி திராட்சைத் தோட்ட ஊரான காமயகவுண்டன்பட்டியிலிருந்து வாக்கப்பட்டு இந்த ஆண்டிபட்டிப் பக்கம் வந்து பன்னிரண்டு நாள்தான். வந்த நாளிலிருந்து வீட்டுத் தறி வெறுமனே கிடக்கிறது. ஆனால், புருஷன் பிரவீன் வேலை பார்க்கும் பவர்லூம் செட்டுக்கு நேற்றுச் சோறு கொண்டுபோனபோது, இதே கரைச் சேலைகள் அங்கே அடுக்கடுக்காகக் கிடந்தன. "இந்தக் கரை கைத்தறிக்கு மட்டுந்தான். மிசினுல ஓட்டுனா கேசு. வெளிய சொல்லிராத" என்றிருந்தான் அவன்.

மதலேனாள் குத்துவதை நிறுத்தி, மடிப்புக்குள் பார்க்காமலே விரலை விட்டாள். அறுந்த இழையை முடிச்சுப் போட்டிருந்த இடம் சரியாக விரலில் பட்டது. அதை நகத்தால் உள்ளே தள்ளிவிட்டாள்.

அதிகாரி வந்தார். லென்ஸை வைத்து ஓரத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

"போன தடவை மிசின் சேலையைக் குடுத்து ஏமாத்தப் பார்த்தீங்க. இதுல தடம் இருக்கு. ஆனா இழை ரொம்பச் சீரா இருக்கேம்மா?" சட்டென்று ஜெசி பக்கம் திரும்பினார். "நீ புதுசா வந்த பொண்ணு. நீ சொல்லு, யாரு நெய்தது?"

ஜெசியின் கை கழுத்துச் செபமாலையைப் பிடித்தது. மாமியாரைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஈயாடவில்லை.

"எங்க அத்தைதான் சார். அவுக கையால நெய்ஞ்சாக."

சேலையில் கைத்தறி முத்திரை விழுந்தது. ஜீப் போனதும் ஜெசி விசும்பத் தொடங்கினாள்.

"மாலையத் தொட்டுக்கிட்டே பொய் சொல்லிட்டேன் அத்தை. ஞாயித்துக்கிழமை பூசையில எந்த நாக்கை நீட்டி நன்மை அப்பம் வாங்குவேன்? செட்டுச் சேலையக் கைத்தறின்னு..."

மதலேனாள் சேலையை மடித்தாள். குத்துப்பட்ட ஓரத்தைப் பெருவிரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

"ஓரம் புண்ணாகுமேன்னு நான் அந்தக் கம்பே போடுறதில்ல ஆத்தா. உங்க கல்யாணத்துக்கு முந்தி இத நெய்ஞ்சப்பவும் போடல. சீரா நெய்ஞ்சா மிசினுன்றாக. செட்டுக்காரன் என் கரையப் பாத்து ஓட்டுறான், அவன யாரும் கேக்கல."

ஜெசி விசும்பலை நிறுத்தி நிமிர்ந்தாள்.

"நீ சொன்னது நெசந்தான்டி."