சிவப்புத் துணி

சுவரில் கல்யாணப் படம் இல்லை. வேலை முடிந்து வந்த எலியேசர் வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சோபா ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. கண்ணாடி அலமாரி அடுப்படிக்குப் போயிருந்தது. தரையில் ரப்பர் பாய், உத்தரத்தில் குத்துப்பை.

"குத்துச்சண்டை பழகப் போறேன்," என்றாள் மனைவி யாரிசெல். "உபால்தோ வீட்டுக்கே வந்து சொல்லித் தர்றாரு. அதிர்ச்சியில விழுந்து உடையும்னு படத்தைக் கழட்டச் சொன்னாரு."

"வந்ததும் வராததுமா நம்ம படத்துலதான் கை வைக்கணுமா அவனுக்கு?"

"அடப் போய்யா! ஆணியைப் பார்த்துக்கூடவா பொறாமை?"

உபால்தோவை அவர்கள் பேட்டையான எல் சொரில்லோவில் தெரியாதவர் கிடையாது. ஒரு காலத்தில் குத்துச்சண்டைப் பட்டம் வென்றவன். சட்டைப் பொத்தான் இன்றைக்கோ நாளைக்கோ என்று திணறும் உடம்பு. எலியேசருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அவன் மீன் சந்தையில் ஐஸ் உடைக்கப் போய்விட்டால் வீட்டில் யாரிசெலோடு இருப்பது அம்மாதான். போன வருஷம் படியில் விழுந்து இடுப்பு முறிந்த பிறகு அவளைக் கட்டிலை விட்டு இறங்க அவன் விட்டதில்லை. எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை.

"பகல்ல இங்க என்னம்மா நடக்குது?"

"எனக்கென்னடா தெரியும்? நான் தூங்கிடுறேன்," என்று அம்மா போர்வைக்குள் புகுந்துகொண்டாள்.

சாதத்தில் உப்பு கூடினால் தெருவுக்கே கேட்கும்படி மருமகளைத் திட்டுகிறவள், ஓர் ஆண்பிள்ளை வந்து போவதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. இவளையும் கைக்குள் போட்டுக்கொண்டார்கள் என்று எலியேசர் முடிவு கட்டினான்.

மறுவாரம் பால்கனிக் கொடியில் அதைப் பார்த்தான். குத்துகிறவர்கள் முஷ்டியில் சுற்றிக்கொள்ளும் நீளத் துணி, இரண்டு ஜோடி. கறுப்பு யாரிசெலுடையது. பக்கத்தில் சிவப்பு ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது.

"சிவப்பு யாரோடது?"

"மாத்துக்கு வச்சிருக்கேன்," என்றாள் அவள், முகத்தைப் பார்க்காமல்.

ரெண்டையும் ஒரே நாளில் எதற்கு நனைத்தாள்? உபால்தோவுடையதாகவும் இருக்க முடியாது. சொல்லிக்கொடுக்கிறவன் கையில் மெத்தையை மாட்டிக்கொண்டு குத்து வாங்குகிறவன். அவன் துணி சுற்ற மாட்டான் என்பது எல் சொரில்லோவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியென்றால் வேறொருத்தன் வருகிறான்!

அடுத்த நாள் சந்தையில் வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு மத்தியானமே வீட்டுக்குக் கிளம்பினான். படியேறும்போதே தொம் தொம்மென்று சத்தம் கேட்டது. நடுவே உபால்தோவின் குரல்.

"அப்படித்தான்! பயப்படாம குத்துங்க, அவன் வர இன்னும் நேரமிருக்கு!"

எலியேசர் கதவருகே நின்றுவிட்டான். யாரிசெல் இல்லாமல் தான் என்ன செய்யப் போகிறோம் என்று நினைத்ததும் கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டு கதவை இடிக்கக் கையை ஓங்கினான்.

பின்னாலிருந்து யாரோ அந்தக் கையைப் பிடித்தார்கள். திரும்பினால், கடையில் வாங்கிய வாழைக்காய்ப் பையோடு யாரிசெல் நின்றாள்.

உள்ளே தொம் தொம் நிற்கவில்லை.

"நீ இங்க நிக்கிற... அப்ப உள்ள யாரு?"

"கத்தாதய்யா. கோவப்பட மாட்டேன்னு மொதல்ல சத்தியம் பண்ணு."

பதற்றத்தில் பை நழுவி, வாழைக்காய்கள் படிகளில் உருண்டன. அந்த ஓசை கேட்டு உள்ளே சத்தம் நின்றது. மூச்சு வாங்க ஒரு குரல் வந்தது.

"வந்துட்டியா மருமவளே? என் புள்ள வர்றதுக்குள்ள இன்னொரு ரவுண்டு போட்டுர்றேன்!"