வெட்டிய இருபது விநாடிகள்

நீலசந்திரா பகுதியின் கட்டடத் தொழிலாளர்களைப் பற்றிய ஆவணப்படம் அன்று நிறைவுற்றது. இயக்குநர் ரகுவுக்காக அனந்தலக்ஷ்மி தொகுத்துக் கொடுத்த ஏழாவது படம் அது.

"பிரமாதம் மேடம்! நீங்க இல்லேன்னா எனக்குப் படமே இல்ல" என்றார் ரகு.

"அடுத்து அந்தக் காவிரிப் படமும் எனக்குத்தானே சார்? அதை நம்பித்தான் ரெண்டு சீரியலை வேண்டாம்னுட்டேன்."

"இதென்ன கேள்வி? உங்களுக்கில்லாம யாருக்கு?"

அனந்தலக்ஷ்மி திரையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"கடைசிப் பேட்டியில இருபது விநாடி வெட்டிட்டேன் சார்."

"ஐயையோ! கொத்தனார் அழுத இடமா?"

"இல்ல. அவர் எழுந்து போனப்புறம் கேமராவை நிறுத்த மறந்துட்டாங்க. வெறும் நாற்காலிதான் தெரியுது."

"வெறும் நாற்காலி யாருக்கு வேணும்? வெட்டினது சரிதான்!"

ரகு சிரித்தபடியே ஒளிநாடாவைப் பையில் வைத்துக்கொண்டு விடைபெற்றார்.

கதவு சாத்தப்பட்டதும், அந்த இருபது விநாடிகளை அனந்தலக்ஷ்மி மீண்டும் ஒருமுறை ஓடவிட்டார். திரையில் காலி நாற்காலி. கூடவே, ஒளிப்பதிவாளரிடம் பேசும் ரகுவின் குரல்:

"காவிரிப் படத்தை ஷ்ரேயாஸ்கிட்ட குடுத்துட்டேன்பா. இது முடியற வரைக்கும் அந்தம்மாகிட்ட மூச்சு விடாதே."