பம்ப் ஹவுஸ் எர்த்

"பாஸ், பம்ப் ஹவுஸ்ல கம்ப்யூட்டர் கேபிளோட எர்த் வயரைக் கழட்டிட்டாங்க," என்றான் கார்த்திகேசு.

"யாரு?" என்றார் இன்ஜினியர் சிவகுருநாதன்.

"பாலன். நேத்து மத்தியானம் என் கண்ணால பார்த்தேன்."

பாலன் பண்டமாரான் எண்ணெய் ஆலைக்குப் போன வருடம் வந்தவன். கார்த்திகேசு ஆலை திறந்த நாளிலிருந்து இருப்பவன். இன்று அவர்களில் ஒருவரைச் சூப்பர்வைசர் ஆக்குவதாக இருந்தது. அது பாலன்தான் என்று கேன்டீனில் பேசிக்கொண்டதிலிருந்து கார்த்திகேசுவுக்குச் சோறு இறங்கவில்லை.

பாலனை அழைத்துக் கேட்டார்கள்.

"நான் அந்தப் பக்கமே போகல பாஸ். சும்மா சொல்லாதீங்க லா அண்ணே."

"இடி விழுந்து எல்லாம் கருகட்டும்னுதானே கழட்டுன?" என்றான் கார்த்திகேசு.

"இருங்க," என்றார் சிவகுருநாதன். "நேத்து சாயந்தரம் அவ்வளவு பெரிய இடி. ஒரு கம்ப்யூட்டர்கூட கெடல. எப்பவும் ரெண்டு மூணு போயிடும்."

இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

"இந்தக் கேபிளுக்கு ஒரு பக்கம்தான் எர்த் இருக்கணும். நாம ஆபீஸ், பம்ப் ஹவுஸ்னு ரெண்டு கட்டடத்துலயும் கொடுத்திருந்தோம். இடி இடிச்சா இந்தக் கட்டடத்துக்கும் அந்தக் கட்டடத்துக்கும் நடுவுல கேபிள் வழியாவே கரண்ட் ஓடியிருக்கு. இத்தனை மாசமா நான் தேடுன கோளாறு இதுதான்."

அவர் பாலனிடம் கையை நீட்டினார்.

"அடக்கம் போதும், சூப்பர்வைசர்."

"ஐயோ, சத்தியமா நான் இல்ல பாஸ்."

"கார்த்திகேசு கண்ணால பார்த்திருக்காரே!"

கார்த்திகேசு ஆமென்று தலையாட்டினான். நேற்று மத்தியானம் அவன் கழற்றிய நட்டு, போட்டிருந்த சிலுவாரின் பைக்குள் அவன் உள்ளங்கையில் அழுந்திக்கொண்டிருந்தது.