ஜோடி பிரியாத குதிரை

ஜெயங்கொண்டத்தைத் தாண்டிய முந்திரித் தோப்புச் செம்மண் தடத்தில், அறிவுச்செல்வன் கடிவாளத்தை இழுத்துப் பிடித்துத் திரும்பிப் பார்க்கிறான். தங்கை வினோதினியின் வெள்ளைக் குதிரை புழுதி கிளப்பிக்கொண்டு ஓடி வருகிறது. அதன் முதுகில் அவள் இல்லை. கால் வைக்கும் அங்கவடியில் அவளுடைய ஒற்றை ஷூ மட்டும் சிக்கி ஆடுகிறது. அதுவும் அவன் குதிரையும் ஒரே லாயத்தில் வளர்ந்தவை. ஒன்று கண்ணுக்கு மறைந்தால் மற்றதற்கு வெறி பிடித்துவிடும். "அண்ணே, என்னைய விட்டுட்டு முன்னாடி போயிடாத, இத என்னால புடிக்க முடியாது" என்று கிளம்பும்போதே கெஞ்சினாள். கேட்டானா? நாற்பது கிலோமீட்டர் சவாரிப் போட்டியில் முதலில் போய்ச் சேரும் ஆசையில் குதிகாலால் தட்டிவிட்டான். "வினோ!" என்று இப்போது கத்துகிறான். எங்கோ ஒரு மயில் அகவுகிறது. வெள்ளைக் குதிரை அவன் குதிரையின் கழுத்தில் முகத்தைச் சாய்த்து, தேடியது கிடைத்துவிட்ட நிம்மதியில் கண்ணை மூடுகிறது.