மூடியை இறுக்கும் முன்

கடைசியாகக் கூலன்ட் மாற்றியவர் யாரோ, அவர் குரலில்தான் கார் பேசும். நிவேதாவின் காரில் எட்டு வருடமாகப் பேசியது, இறந்துபோன கணவர் பிரகதீஷின் குரல்.

இப்போது கூலன்ட் கெட்டு எஞ்சின் கொதித்தது. மாற்றினால் அவர் குரல் போய்விடும். மாற்றாவிட்டால் அவர் ஆசையாக வாங்கிய காரே போய்விடும். ஒரு வாரம் தள்ளிப்போட்டவள், ஞாயிறு காலை பானெட்டைத் திறந்தாள்.

“சூடு ஆறட்டும் அம்மணி. அப்பறம் மூடியத் தொற. பச்சை கூலன்ட் வேண்டாம், ரோஸ் கலர்தான் இதுக்குச் சேரும். ரெண்டையும் கலந்துராத,” என்றது கார்.

“சரிங்க.”

பழையதை முழுக்க வடித்துவிட்டு, புதியதை மெல்ல ஊற்றினாள். மூடியை இறுக்கியதும் குரல் மாறிவிடும். கை நின்றது.

“இன்னொருக்கா கூப்பிடுங்க.”

“அம்மணி,” என்றார் அவர்.

அதன்பிறகே மூடியை இறுக்கினாள்.