சக்கரத்தடி எலுமிச்சை

ஆயுதபூஜைக்காக முதலாளி தன் கிழட்டுக் காருக்குப் பளபளக்கும் பம்பரும் மஞ்சள் விளக்குகளும் மாட்டினார். காருக்குத் தலைகால் புரியவில்லை. பூஜை முடிந்ததும் அதன் முன்சக்கரத்தடியில் ஓர் எலுமிச்சையை வைத்தார்கள்.

"என் அலங்காரத்தைப் பார்த்தியா?" என்றது கார்.

"அது இருக்கட்டும் அண்ணே. என்னை எப்ப நசுக்குவீங்க? நான் வந்ததே அதுக்குத்தானே."

"இதோ, முதலாளி வர்றார். இன்னைக்கு என்னை எடுத்துடுவார்."

முதலாளி வந்தார். கிழட்டுக் காரின்மேல் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார். பிறகு பக்கத்தில் நின்ற புதுக் காரில் ஏறி, அதன் சக்கரத்தடியில் இருந்த எலுமிச்சையை நசுக்கிக்கொண்டு கிளம்பிப் போனார்.

நாள் போகப்போக, பூஜையில் காருக்குப் போட்ட பூமாலை சருகானது.

"முன்னால கொடி பறக்க ஒரு கம்பி வச்சிருந்தா என்னை எடுத்திருப்பாரோ?" என்று கார் கேட்டது.

எலுமிச்சை நசுங்காமலே காய்ந்து போயிருந்தது.